சோறு இல்லாத தட்டு: பேலியோ தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருஷம் தை மாதம் எனக்கு மூணு மாச சுகர் (HbA1c, கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 8.1 என்று வந்தது. அதற்கு முன்பே ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஒரு அக்கா பேலியோவில், அதாவது அரிசி, கோதுமை, சர்க்கரையை நிறுத்தி மாவுச்சத்தை (கார்போஹைட்ரேட்) வெகுவாகக் குறைக்கும் உணவுமுறையில், பன்னிரண்டு கிலோ குறைந்திருந்தார். அவரிடம் சாப்பாட்டுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வாங்கி, மறுநாளே தொடங்கிவிட்டேன். மாத்திரையைப் பற்றி யோசிக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை, திருமங்கலத்திலிருந்து மதுரை போகும் பேருந்தில் கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி பையிலிருந்து கல்கண்டு எடுத்து என் வாயில் போட்டார். இறங்கி மருந்துக்கடையில் குத்திப் பார்த்தபோது, கல்கண்டு தின்ற பிறகும் சர்க்கரை 64 தான். 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

அந்தக் காலை உங்களுக்கு வரக்கூடாது. பேலியோவில் என்ன சாப்பிடலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும், வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் ரத்தம் கொடுங்கள்

சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்பு எடுத்த அறிக்கை கையில் இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்து எது கூடியது, எது குறைந்தது என்று சொல்லவே முடியாது. எடுக்க வேண்டியவை இவை: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூணு மாச சுகர், கொழுப்பு அளவுகள் முழுவதும், கிரியாட்டினின், யூரிக் ஆசிட், கல்லீரல் பரிசோதனை, தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12. நாற்பது வயது தாண்டியிருந்தால் ஒரு ஈசிஜியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு, காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுங்கள். இடையில் தண்ணீர் மட்டும். "பால் விடாத காபி ஒரு வாய்தானே" என்று குடித்துவிட்டுப் போகாதீர்கள். சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) வெறும் வயிற்றில் எடுத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

தனியார் ஆய்வகத்தில் எனக்கு எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது. ஒவ்வொன்றாகக் கேட்டால் கூடும். முழு உடல் பரிசோதனை என்று தொகுப்பாகக் கேளுங்கள், பட்டியலில் யூரிக் ஆசிட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் சிரமமென்றால் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டுப் போட்டு மருத்துவரிடம் கேட்டால், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் போன்ற அடிப்படைப் பரிசோதனைகளை இலவசமாகவே எடுக்கிறார்கள். வைட்டமின்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அறிக்கையைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஒரு ஃபைல் போடுங்கள். முதல் தாளில் பெயர், வயது, எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், தொடங்கும் தேதி. அடுத்து இந்த அறிக்கைகள். அதற்கடுத்து நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், மில்லிகிராம், வேளை. மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

2. ஃபைலோடு மருத்துவரைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவள் நான். சாதம், இட்லி, சப்பாத்தி எல்லாம் நின்றதும் ரத்தத்தில் சர்க்கரை தானாக இறங்கும். அந்தச் சாப்பாட்டுக்கென்று கொடுத்த மாத்திரை மட்டும் அதே அளவில் வேலை செய்துகொண்டே இருக்கும். எனக்கு நடந்தது இதுதான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது கிளைமிபிரைடு 2 மில்லிகிராம்.

உங்கள் சீட்டில் கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், மருத்துவரைப் பார்க்காமல் ஒரு வேளைச் சோற்றைக்கூடக் குறைக்க வேண்டாம்.

இன்சுலின், கிளைமிபிரைடு, கிளிக்லசைடு: இவை தாழ்சர்க்கரையில் தள்ளும். அளவை முதல் நாளிலிருந்தே மாற்ற வேண்டியிருக்கும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: இவை சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துவிட்டு இவற்றையும் சாப்பிட்டால் ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். இதில் கொடுமை, அப்போதும் சர்க்கரை அளவு கிட்டத்தட்ட சரியாகவே காட்டலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

ரத்த அழுத்த மாத்திரை: முதல் வாரத்தில் உடம்பிலிருந்து உப்பும் நீரும் நிறையப் போகும். அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றும்.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை: திடீரென்று தினமும் கீரை சாப்பிட்டால் சிலவற்றின் வேலை மாறும்.

தைராய்டு மாத்திரைக்கு ஆபத்து ஒன்றுமில்லை, நேரம்தான் முக்கியம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் பட்டர் டீயோ (வெண்ணெய் போட்ட டீ) பாதாமோ.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் இதைத் தாங்களாகச் செய்யவே கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பாதாமும் பசலையும் ஆகாது, இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். பித்தப்பைக் கல், கீல்வாதம் உள்ளவர்களும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில மருத்துவர்கள் "பேலியோ" என்ற சொல்லைக் கேட்டதுமே வேண்டாம் என்பார்கள். அந்தச் சொல்லை விடுங்கள். "அரிசி, கோதுமை, சர்க்கரையை நிறுத்தி, ஒரு நாளைக்கு 40 கிராம் அளவுக்கு மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன், என் மாத்திரையை எப்படி மாற்றணும்?" என்று கேளுங்கள். நான் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, கிளைமிபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினைத் தொடரச் சொல்லி, பத்து நாள் தினமும் காலையும் மாலையும் சர்க்கரை பார்த்து எழுதி வரச் சொன்னார். உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லலாம். என் அளவை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் எனக்கு 850 ரூபாய்க்குக் கிடைத்தது. உண்மையான செலவு ஸ்ட்ரிப்பில்தான், ஒன்று இருபது ரூபாய்க்கு வருகிறது. முதல் மாதத்துக்கு 50 ஸ்ட்ரிப் டப்பா ஒன்று வாங்கிவிடுங்கள். கைப்பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பேலியோவை நினைத்துத் தயங்காதீர்கள்.

3. எது உண்டு, எது இல்லை

நம் ஊரில் பேலியோ என்று பலர் கடைப்பிடிப்பது பால் பொருட்களைச் சேர்த்துக்கொள்ளும் முறை. ஆதிமனிதர் உணவு என்று கறாராகப் பார்த்தால் பால் பொருளுக்கே இடமில்லை. ஆனால் நெய், வெண்ணெய், பன்னீர் இல்லாமல் நம் சமையலில் இதை மாதக்கணக்கில் ஓட்டுவது கடினம். நானும் இவற்றைச் சேர்த்துத்தான் சாப்பிடுகிறேன்.

நிற்க வேண்டியவை: அரிசி, கோதுமை, ரவை, மைதா, சிறுதானியம், பருப்பு, பயறு, கடலை, எல்லா இனிப்பும், பழங்களில் பெரும்பாலானவை, உருளை, சேனை, சேம்பு, மரவள்ளி, வாழைக்காய், பிஸ்கட், கடையில் வாங்கும் நொறுக்குத் தீனி.

சிறுதானியத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகிலும் சுமார் 70 இருக்கிறது. கேழ்வரகு நல்ல தானியம்தான், இந்த முறையில் அதற்கு இடமில்லை. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்துக்குப் போனால் சர்க்கரைதான்.

சாப்பிடலாம்: முட்டை, மீன், கோழி, ஆடு, ஈரல், குடல், பன்னீர், நெய், வெண்ணெய், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், தேங்காய், பாதாம், பெருநெல்லி, எலுமிச்சை. காய்களில் கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கு, சுரை, பாகல், கோவைக்காய், முள்ளங்கி, கோஸ், காலிஃப்ளவர், குடைமிளகாய், காளான், வாழைத்தண்டு, முருங்கைக்காய், எந்தக் கீரையும்.

40 கிராம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு கப் சோறு போட்டாலே அது முடிந்துவிடும். இட்லி என்றால் நான்கைந்து. காலிஃப்ளவரோ நூறு கிராமுக்கு ஐந்து கிராம்தான், வயிறு நிறையச் சாப்பிடலாம்.

4. சமையலறையும் கணக்கும்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான் ஒருத்திதான் பேலியோ. மற்றவர்களுக்கு உலை வைக்காமல் இருக்க முடியாது. முதல் வாரம் தனித்தனியாகச் சமைத்துக் களைத்துப்போனேன். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன்: பொரியல், கூட்டு, மீன் குழம்பு, கறி எல்லாவற்றையும் எல்லாருக்கும் ஒன்றாக, நிறையச் செய்வது. அவர்கள் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள், நான் அதையே கிண்ணத்தில் எடுத்துக்கொள்வேன். சாம்பார் வைக்கும் நாளில், பருப்பு சேர்க்கும் முன் வெந்த காயை எனக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு நெய்யில் தாளித்துக்கொள்கிறேன். கூட்டுக்குப் பாசிப்பருப்புக்குப் பதில் தேங்காய் அரைத்து விட்டால் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

டப்பாவில் தூளாக விற்கும் கலப்புப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். ஒரு சிட்டிகையால் கணக்கு மாறிவிடாது, ஆனால் கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். கசகசாவும் பொட்டுக்கடலையும் அரைத்து விடுகிற குருமாவைத் தவிர்த்து, குழம்பு கெட்டியாக வர தேங்காயே போதும். மீன் குழம்பில் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடாதீர்கள். அதில் நூறு கிராமுக்குப் பத்து கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, கை நிறையப் போட்டால் கணக்கு ஏறும்.

என் ஒரு நாள் செலவு இது. பாதாம் ஐம்பது எண்ணிக்கை, 50 ரூபாய். முட்டை மூன்று, 21. கோழியோ மீனோ கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 75. காய், கீரை, 30. நெய், வெண்ணெய், எண்ணெய், 35. மொத்தம் 211, மாதத்துக்கு 6,300 சொச்சம். முன்பு எனக்கென்று இவ்வளவு செலவழித்ததே இல்லை, அது உறுத்தத்தான் செய்தது. குறைக்கச் சில வழிகள் உண்டு. முட்டையை அட்டைக் கணக்கில் வாங்குங்கள். மீனில் வஞ்சிரத்தை விட்டுவிட்டு மத்தி, அயிலைக்குப் போங்கள், சத்தில் அவை ஒரு படி மேல். வெண்ணெய் வாங்கி வீட்டில் நெய் உருக்குங்கள். ஆட்டுக்கறி மாதம் இரண்டு முறை போதும். புரதப் பொடி, கீட்டோ பிஸ்கட், பாதாம் மாவு ரொட்டி என்று விற்பவை எதுவும் தேவையில்லை. அந்தக் காசுக்கு ஒரு வாரத்துக்குக் காய் வாங்கலாம்.

5. ஒரு நாள் எப்படிப் போகும்

காலை ஆறரைக்கு டீத்தூள் மட்டும் கொதித்த தண்ணீரில் ஒரு துண்டு வெண்ணெய் போட்டு அடித்த பட்டர் டீ. நம் வழக்கமான டீயில் சர்க்கரையும் பாலும் சேர்ந்து இருக்கும் மாவுச்சத்தைப் பாருங்கள்: இரண்டு டீஸ்பூன் சர்க்கரை எட்டு கிராமுக்கு மேல். மூன்று டீ குடித்தால் 25 தாண்டிவிடும், பாலைச் சேர்க்காமலே.

காலைச் சாப்பாடு பாதாம். முந்தின இரவு ஊறவைத்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, நெய்யில் சிறு தீயில் வறுக்க வேண்டும். எல்லாரும் நூறு என்பார்கள். நூறு பாதாம் 600 கலோரிக்கு மேல், அதுவே ஒரு முழுச் சாப்பாடு. பழக்கமில்லாத வயிறு முதல் நாளே அதைத் தாங்காது, ஐம்பதில் தொடங்குங்கள். ஒவ்வொன்றாக மென்று தின்ன இருபது நிமிடம் ஆகும், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். பேருந்தில் விழுங்கினால் மதியம் வரை வயிறு கல்லாக இருக்கும்.

மதியம் டப்பாவில் காலிஃப்ளவர் சாதம். பூவைத் துருவி, மூடாமல் ஐந்து நிமிடம் வதக்கினால் உதிரியாக வரும், மூடி வைத்தால் நீர் விட்டுக் குழையும். அதோடு இரண்டு முட்டையோ பன்னீர் பொரியலோ. இரவு கறி அல்லது மீன், ஒரு கீரை. ஏழரைக்குள் முடித்துவிடுவேன்.

பசித்தால் சாப்பிடுங்கள், அளவு வைத்துப் பட்டினி கிடக்காதீர்கள். மாவுச்சத்தையும் குறைத்து நெய்யையும் பயந்து குறைத்தால் பத்தே நாளில் விட்டுவிடுவீர்கள்.

6. முதல் பத்து நாள்

இரண்டாம் நாளிலிருந்து தலைவலி, அசதி, எரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு வரலாம். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் குறைகிறது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிறது, அதனால் வருவது இது. ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர்கள், காலையும் மாலையும் ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்புப் போட்டுக் குடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள்.

மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கறியை மட்டும் கூட்டி, காயை மறந்தவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. தினமும் ஒரு கட்டுக் கீரையும் மூன்று லிட்டர் தண்ணீரும். வாயில் ஒரு மாதிரிப் பழ வாசனை மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், சில வாரத்தில் போய்விடும். கூடவே மேலே சொன்ன வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

முதல் வாரம் எனக்கு இரண்டரைக் கிலோ குறைந்தது. அதில் பெரும்பகுதி தண்ணீர். அடுத்த வாரம் அரைக் கிலோதான் என்றதும் மனம் சோர்ந்தது. தினமும் எடை பார்க்காதீர்கள். ஞாயிறு காலை, கழிப்பறை போய் வந்ததும், ஒரே மெஷினில். வேகமாக எடை குறைந்தால் மூன்றாம் மாதம் போல முடி கொட்டும், புரதம் சரியாக எடுத்தால் மீண்டு வரும்.

7. வெளியேயும் உறவிலும்

ஹோட்டலில் சிக்கன் 65 கேட்காதீர்கள், மேலே ஒட்டியிருப்பது கார்ன்ஃப்ளாரும் மைதாவும். கிரேவியும் வேண்டாம். எங்கள் மதுரைப் பக்கம் நைட்டுக் கடைகளில் கலக்கி, ஆம்லெட், மட்டன் சுக்கா, ஈரல், குடல் கிடைக்கும், அவை போதும். சைவ ஹோட்டலில் பொரியலும் கூட்டும் மட்டும் தரமாட்டார்கள். முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, சோறு வேண்டாம், இரண்டு மடங்கு பொரியல் போடுங்கள் என்றால் முகம் கோணாமல் போடுகிறார்கள்.

வீட்டில்தான் கடினம். "சோறு தின்னாம உசுரு எப்படித்தாயி நிக்கும்?" என்று என் மாமியார் தினமும் கேட்டார். அவரிடம் வாதாடவில்லை. பத்து நாள் சர்க்கரை எழுதிய நோட்டை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு அவரே கீரை ஆய்ந்து வைக்கிறார். கல்யாண வீட்டில் இலையில் உட்காராமல் இருந்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். உட்காருங்கள். பொரியல், சேனையும் வாழைக்காயும் ஒதுக்கிய அவியல், கொஞ்சம் மோர் என்று எழுந்துவிடலாம். வீட்டிலேயே நான்கு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போனால் இலையைப் பார்த்து ஏங்க மாட்டீர்கள். கோயில் பிரசாதம் ஒரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. சைவர்களுக்கும் புரட்டாசிக்கும்

பன்னீர், பாதாம், தேங்காய், காளான், நெய் இவற்றை வைத்து ஓட்டலாம். முட்டையாவது சேர்த்தால் எளிது. பன்னீரில் நூறு கிராமுக்குப் புரதம் சுமார் 18 கிராம், அதனால் ஒரு நாளைக்கு 200 கிராமாவது வேண்டும், செலவும் அசைவத்தைவிடக் கூடும். பி12 அறிக்கையைக் கவனியுங்கள். புரட்டாசியில் அசைவம் நிறுத்துகிறவர்கள் அந்த மாதம் பேலியோவைத் தொடங்காதீர்கள், ஐப்பசி வரை பொறுங்கள்.

9. தொண்ணூறாம் நாள்

அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில், அதே பரிசோதனைகள். மூணு மாச சுகர் என்ற பெயருக்கேற்ப அந்த இடைவெளியில்தான் அது ஒழுங்காகப் பேசும், முன்னால் எடுத்துக் காசை வீணாக்காதீர்கள். எனக்கு 8.1 என்பது 6.4 ஆனது. ட்ரைகிளிசரைடு பாதியானது. எல்டிஎல் (கெட்ட கொழுப்பு என்பார்கள்) 118லிருந்து 151க்கு ஏறியது.

அந்த ஏற்றத்தைச் சிலர் "அது ஒன்றும் செய்யாது" என்று தட்டிவிடுவார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்கரை நோயாளிக்கு இதயம் ஏற்கெனவே ஆபத்தில்தான் இருக்கிறது. மருத்துவரிடம் காட்டினேன். பட்டர் டீயை நிறுத்தி, தேங்காய் எண்ணெயைக் குறைத்து நல்லெண்ணெய்க்கு மாறி, கறிக்குப் பதில் வாரம் நான்கு நாள் மீன் என்று மாற்றினேன். அடுத்த அறிக்கையில் 127. இறங்காவிட்டால் மாத்திரை தருவதாகச் சொல்லியிருந்தார், தந்திருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

மூன்று மாதம் முடிந்ததும் முழுச் சோற்றுக்குத் திரும்பினால் எடையும் சர்க்கரையும் கூடவே திரும்பும். கொஞ்சம் சேர்க்க விரும்பினால் மெஷினைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை குத்திப் பாருங்கள். எனக்கு இரண்டு இட்லிக்கு 136, மூன்று இட்லிக்கு 172. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னியோடு. உங்கள் எண் வேறாக இருக்கும். ஒரு உணவுக்கு இரண்டு ஸ்ட்ரிப் என்று கணக்கு வைத்து, டப்பாவில் குறைந்தது பத்து ஸ்ட்ரிப் மிச்சம் இருக்கும்போது இந்தச் சோதனையைத் தொடங்குங்கள்.